ஒன்பதாவது அடி

ஏழு, எட்டு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே மணலில் நடந்தான் அர்த்தநாரி. ஒன்பதாவது அடியில் கூப்பிட்டுவிடுவார்கள். பழைய லாரி வாங்கி விற்கிற தொழிலில் இருபத்தைந்து வருசம் குப்பை கொட்டியவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி. விலை படியவில்லையா, சரிங்க வர்றனுங்க என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். வேகமாகப் போகக் கூடாது, கோவித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்துவிடுவான். மெதுவாகவும் போகக் கூடாது, கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறான் என்று கண்டுகொள்வான். ஏழாவது அடியில் கொஞ்சம் தயங்கின மாதிரி, எட்டில் போனால் போகிறது என்கிற மாதிரி, ஒன்பதில், அண்ணே இருங்க, ஏன் இப்படிக் கோவிச்சுக்கறீங்க என்று பின்னாலிருந்து குரல் வரும். திரும்பி மட்டும் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தவன் தொலைந்தான். சங்ககிரியில் இவன் முதுகைப் பார்த்தே விலையைக் குறைத்தவர்கள் உண்டு. ஒன்பது. குரல் வரவில்லை. அலைச் சத்தம்தான் வந்தது. தோளில் உட்கார்ந்திருந்த நாலு வயசு லோகித் இரண்டு கையாலும் இவன் தலைமயிரை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டு வாயாலேயே ஹாரன் அடித்தான். பத்து. சரி, பின்னால் நிற்கிறவள் சின்னப் பிள்ளைதானே, எட்டு வயசு, கொஞ்சம் கூடுதலாகவே பிடிவாதம் இருக்கும், ஒரு பன்னிரண்டு பதிமூன்று அடி போகட்டும், அப்புறம் கூப்பிடுவாள். என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? அந்த இடத்தில் அவன் மனசு கல் தடுக்கின மாதிரி நின்றது, கால் மட்டும் நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி நாலு மாசம். கோகிலவாணியைக் கட்டின அன்றைக்கே சின்னவன் சாப்பாட்டுப் பந்தியில் வைத்து அப்பா என்று கூப்பிட்டுவிட்டான். அவன் வாழைப்பழம் கொடுத்தால் யாரையும் கூப்பிடுவான். பெரியவள் சம்யுக்தா இன்றுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாப்பிட வரச் சொன்னாங்க என்பாள். யாரை வரச் சொன்னார்கள், யார் சொன்னார்கள், ஒன்றும் இருக்காது. போன் அடிக்குதுங்க என்பாள் சுவரைப் பார்த்து. மஞ்சள் காமாலையில் மூணு வருசத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த அப்பனின் போட்டோவைப் பள்ளிக்கூடப் பையில், கணக்கு நோட்டு அட்டைக்குள்ளே வைத்திருக்கிறாள் என்று கோகிலா ஒருநாள் தணிந்த குரலில் சொன்னாள். வெச்சுக்கட்டும், நான் என்ன அந்த எடத்தயா கேக்கறேன் என்று சொன்னான். கேட்கவில்லைதான். ஆனால் எந்த இடத்தைத்தான் கேட்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. பதிமூன்று.

எல்லாம் அந்தக் குதிரையால் வந்தது. இல்லை, குதிரைக்காரனால் வந்தது. இல்லை, இந்த ஊரால். விசாகப்பட்டினம் வந்து இரண்டு வாரம். துறைமுகத்துப் பழைய வண்டிகள் சல்லிசாகக் கிடைக்கின்றன என்று கஜுவாக்கா பக்கம் ஒரு யார்டு பிடித்து, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பிள்ளைகள் இரண்டும் வாடகை வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெலுங்குத் தெருவை வேடிக்கை பார்த்தன. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கோகிலாதான் சொன்னாள், நீங்களே பீச்சுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க, நான் வரல, அவ உங்ககூடப் பழகட்டும். படியிறங்கும்போது மறுபடியும் எட்டிப்பார்த்து, கைய மட்டும் உட்டுராதீங்க, கேட்டுதுங்களா என்றாள். கேட்டது. ஆனால் கையைப் பிடித்தால்தானே விடுவது? ஆட்டோவிலேயே அவள் ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டு, நடுவில் தண்ணிப் பாட்டிலை வேலி மாதிரி நிறுத்திவிட்டாள். கடற்கரையில், காட்சிக்காகக் கரையேற்றி வைத்திருக்கிற பெரிய நீர்மூழ்கிக் கப்பலைக் காட்டி, பாரு அம்மிணி, இத்தாம்பெரிய வண்டி, செகண்ட்ஸுல என்ன வெலைக்குப் போகும் சொல்லு என்று கேட்டான். சிரிப்பாள் என்று நினைத்தான். கப்பலைக்கூடவா விப்பாங்க என்று அவள் கப்பலிடம் கேட்டாள். அப்புறம்தான் குதிரை வந்தது. வெள்ளைக் குதிரை, நெற்றியில் குஞ்சம், கண்ணுக்கு இரண்டு பக்கமும் தோல் மறைப்பு. சம்யுக்தா நின்றுவிட்டாள். நின்று பார்த்தாள். அப்படி ஒரு பார்வை. அர்த்தநாரிக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு ஏறிவிட்டது. வாங்குகிறவன் கண்ணைப் பார்த்தால் அவனுக்குத் தெரியாதா? பிள்ளை ஆசைப்பட்டுவிட்டது. நாலு மாசத்தில் முதல் தடவையாக ஒன்றின்மேல் ஆசைப்பட்டுவிட்டது. அதை முடித்துக் கொடுத்துவிட வேண்டும், அதுவும் சும்மா இல்லை, அவள் கண்ணெதிரே, ஜெயித்து முடித்துக் கொடுக்க வேண்டும். வந்த ரூபாயலு என்றான் குதிரைக்காரன். நூறா, உங்குதிர என்ன டெல்லிக்கா போகுது என்று தமிழில் கேட்டுவிட்டு, யாபை என்று ஐம்பதுக்கு ஐந்து விரலைக் காட்டினான் அர்த்தநாரி. அவன் தலையாட்ட, இவன் துண்டை உதற, அவன் குதிரை தின்னும் கொள்ளுத் தீனியைப் பற்றி ஏதோ அழ, இவன் குதிரையின் பல்லைப் பார்க்கணும் என்று குனிய, நாலு பேர் கூடிவிட்டார்கள். இவன் நடந்தான். ஒன்பதாவது அடியில், ரண்டி சார், ரண்டி, டெப்பை என்று கூப்பிட்டான் குதிரைக்காரன். பாத்தியா அம்மிணி, எழுவதுக்கு வந்துட்டான், ஏறு என்று மீசையை ஒதுக்கிக்கொண்டு திரும்பினால், பிள்ளை முகம் சிவந்து நிற்கிறது. வேண்டாம். ஏன் வேண்டாம்? வேண்டாம். ஆசைப்பட்டேல்ல? தலையாட்டல், ஆமாவா இல்லையா தெரியாத தலையாட்டல். அட ஏறு கண்ணு, பேசி முடிச்சாச்சு. வேண்டாங்க. யாரோ வெளி ஆளிடம் பேசுகிற மாதிரி வந்த அந்த ங்க-தான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. வேண்டாம் என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பான். கூடி நின்றவர்களில் ஒருத்தன் பல்லைக் காட்டினான். சரி, நீ இங்கயே இரு, நாங்க போறோம் என்றான். சொல்லிவிட்டுத்தான் தெரிந்தது, சொல்லியாகிவிட்டது என்று. சொன்னால் நடந்துதானே ஆக வேண்டும்.

பதினெட்டு. இவ்வளவு தூரம் எவனும் தாக்குப்பிடித்ததில்லை. ஈரோட்டில் ஒரு செட்டியார் பதினைந்துவரைக்கும் விட்டார், ஆனால் அவர் கூப்பிட்டபோது குரல் உடைந்துபோயிருந்தது. அக்கா வர்றாளா சாமி என்று தலையை அசைக்காமல் மேலே கேட்டான். வருது என்றான் லோகித். மனசு குளிர்ந்தது. வருகிறாள், கூப்பிடாமல் வருகிறாள், அவ்வளவுதானே, கூப்பிட வாய் வராமல் பின்னாலேயே வருகிறாள், பாவம். இன்னும் நாலு அடி போய், ஏதோ சோளம் வாங்குகிற மாதிரி நின்று, தற்செயலாகப் பார்க்கிற மாதிரி பார்க்கலாம். வருதா சாமி? வருது, வருது, பெருசா வருது. பெருசா என்றால்? அவன் அலையைச் சொல்கிறானோ? இல்லை, அக்காவைத்தான் கேட்டோம். அக்காவா வர்றா? ஆமா. அலையா வருது? ஆமா. குதிர? ஆமாப்பா. இவனிடம் என்ன கேட்டாலும் ஆமாதான், இவனை வைத்து ஒரு வண்டிகூட வாங்க முடியாது. திரும்பிவிடலாமா? கழுத்து திரும்பவில்லை. சுளுக்கு இல்லை, என்னவோ, இருபத்தைந்து வருசத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பழக்கமில்லாத கழுத்து. முதலில் யார் இதைக் கற்றுக்கொடுத்தது? யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முதுகைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வெள்ளைச் சட்டை, வேர்வையில் நடுவில் ஒட்டின வெள்ளைச் சட்டை, சங்ககிரி ரோட்டுமேல் டீக்கடை பெஞ்சில் இவனை உட்காரவைத்து, கையில் தின்ன ஒரு சீனி வர்க்கியைக் கொடுத்து, இங்கயே இரு, வந்தர்றேன் என்று போன அப்பனின் சட்டை. ஒன்பது வயசு இவனுக்கு. அப்பன் பஞ்சர் கடை வரைக்கும் போனது தெரியும். அங்கே ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. செருப்பைச் சரி பண்ணினாரா, லாரி போகட்டும் என்று நின்றாரா. அப்புறம் சட்டை மூலை திரும்பிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடைக்காரர் கடையைக் கட்டும்போதும் இவன் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. இங்கயே இரு என்று சொன்னாரே. மறுநாளும் வரவில்லை. அப்புறம் எதிர்ப் பட்டறைக்காரர் கூப்பிட்டு நட்டுக் கழற்ற ஒரு பானா கொடுத்தார், அதிலிருந்து பிழைப்பு. அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஒரு கணம்தான் இடறுகிறது. பஞ்சர் கடை எத்தனையாவது அடி? நாம் கூப்பிட்டோமா? அப்பா என்று கத்தியிருப்போமே, ஒன்பது வயசுப் பையன் கத்தாமலா இருப்பான். ஆனால் கத்தின ஞாபகம் இல்லை. வாயில் வர்க்கி இருந்த ஞாபகம்தான் இருக்கிறது. சீனி ஒட்டின உதடு. வாய் நிறைய இருந்ததால் கூப்பிடாமல் விட்டோமோ? கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாரோ? கூப்பிடட்டும் என்றுதான் நின்றாரோ? அட, அந்த ஆளும் நம்மை மாதிரி, இருபத்திமூணு, இருபத்திநாலு. சீ. இருபத்திநாலா? திரும்பினான்.

இல்லை.

குதிரை நின்றது. குஞ்சம் காற்றில் ஆடியது. கூடி நின்ற நாலு பேரும் வேறு நாலு பேராகிவிட்டிருந்தார்கள். சம்யுக்தா நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. அந்த இடம்தானா? மணலில் எந்த இடம் எந்த இடம் என்று எப்படிச் சொல்வது, எல்லா இடமும் ஒரே குழியும் மேடுமாக. சிவப்புக் கவுன். சிவப்புத்தானே? காலையில் கோகிலா இஸ்திரி போட்டது சிவப்பு, ஆனால் அதைத்தான் போட்டுவந்தாளா, மஞ்சளைப் போட்டு வந்தாளா? ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பிள்ளை என்ன நிறத்தில் உடுத்தியிருந்தது என்று தெரியாத ஆள், பத்து வருசத்துக்கு முன்னால் வாங்கின வண்டியின் பதிவு எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். சிவப்பு, சிவப்புத்தான், தண்ணிப் பாட்டிலும் சிவப்பு என்று பார்த்தோமே. கடலைப் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். கடல் முழுக்கத் தலைகள், எல்லாம் பிள்ளைகள், எல்லாம் கத்தின, எது சந்தோசத்தில் கத்துகிறது எது அப்படி இல்லை என்று யார் பிரித்துச் சொல்வது. கைய மட்டும் உட்டுராதீங்க. ஓடினான். லோகித் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான், இன்னும் வேகமா என்றான். சோளம் சுடுகிற அம்மாளிடம் போய் நின்றால் வாய் வரவில்லை. இவனுக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் யார்டுத் தெலுங்கு. எண்கள் தெரியும், டயர் தெரியும், குறைச்சுச் சொல் என்று சொல்லத் தெரியும், நாலு வசவு தெரியும். பிள்ளை காணோம் என்பதற்கு என்ன வார்த்தை? யாரிடமும் இதுவரை கேட்க வேண்டியிருக்கவில்லை. பாப்ப என்றான். எர்ர கவுன் என்று சிவப்பையும் சொன்னான். அப்புறம், எங்கே என்று கேட்க நினைத்து, பழகின வாய் பழகின சொல்லையே எடுத்துப் போட்டது, என்ன விலை என்று கேட்டுவிட்டான். அந்த அம்மாள் விசிறியை நிறுத்தி இவனையும் தோளில் இருந்த பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். இல்ல, இல்லம்மா, எம் பாப்பா என்றான் தமிழில். எம் பாப்பா. சொன்னது காதில் விழுந்தது. யாரோ சொன்ன மாதிரி இருந்தது. என் பாப்பாவா, யார் கேட்டாலும் போட்டோவில் இருக்கிறவன்தானே அப்பன், போலீஸ்காரன் வந்து பிள்ளையைக் கேட்டால் அவள் இவனைக் கைகாட்டி என்ன சொல்வாள், சுவரைப் பார்த்து, இவங்க வந்தாங்க என்பாளா. முதலில் கிடைக்கட்டும். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். லோகித்தை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான், பிறகு அவன் மேலிருந்தால் தூரம் தெரியும் என்று மறுபடி தோளில் ஏற்றினான். பாரு சாமி, அக்காவப் பாரு. பாக்கறேன். தெரியுதா? தெரியுது. எங்க? எல்லாப் பக்கமும் என்றான் அவன்.

குதிரைக்காரன்தான் கையைத் தூக்கினான். சார், அட்டு, அட்டு என்று எதிர்ப்பக்கம் காட்டினான், இவன் போனதற்கு நேர் எதிரே, படகுகள் கவிழ்த்துக் கிடக்கிற பக்கம். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். தூரத்தில் சின்னதாக, சிவப்பாக, ஒரு முதுகு. நடந்துகொண்டிருந்தது. ஓடவில்லை, அழுதுகொண்டு தேடவில்லை, நடந்துகொண்டிருந்தது, வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. தண்ணிப் பாட்டிலைத் துண்டு மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முதுகு கொஞ்சம் தயங்கினது, அடுத்த அடியில் போனால் போகிறது என்று எட்டி வைத்தது. அர்த்தநாரிக்குக் கால் மணலில் புதைந்துவிட்டது. இந்த நடையை அவனுக்குத் தெரியும். எங்கே பார்த்தாள்? தக்காளி வண்டிக்காரனிடம், ஆட்டோ ஸ்டாண்டில், வாடகை வீட்டுக்காரரிடம், நாலு மாசமாகக் கதவுக்குப் பின்னாலும் ஜன்னலுக்குப் பின்னாலும் நின்று ஒன்று விடாமல் பார்த்திருக்கிறாள். அப்படியென்றால் கூப்பிடட்டும் என்று போகிறாளா? இவன் போனது அவள் கூப்பிட, அவள் போவது இவன் கூப்பிட, இரண்டு பேரும் எண்ணிக்கொண்டே இரண்டு பக்கமும் போனால் இந்தக் கடற்கரை எங்கே முடிகிறது? கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் கூப்பிட்டவன் தோற்றவன். தோற்றுப் பழக்கமில்லை. வாயில் அந்த வர்க்கியே இன்னும் இருக்கிற மாதிரி இருந்தது, முப்பது வருசம் மென்றும் இறங்காத ஒரு வாய். சம்யூ என்று கத்தினான். குரல் உடைந்து, ஈரோட்டுச் செட்டியார் குரல் மாதிரி வந்தது. முதுகு திரும்பவில்லை. திரும்பாது, முதல் குரலுக்குத் திரும்பக் கூடாது, அதுவும் இவன் பாடம்தான். அம்மிணி, குதிர வேண்டாங் கண்ணு, வா. திரும்பவில்லை. நூறே குடுத்துடலாம். திரும்பவில்லை. சாமி, தப்புத்தாஞ் சாமி, நில்லு. எல்லாரும் பார்த்தார்கள். துண்டு எங்கோ விழுந்துவிட்டது. கடைசியில் ஓடினான், நாற்பத்தோரு வயசு உடம்பு, தோளில் ஒரு பிள்ளை, மணல் ஒவ்வோர் அடியையும் பிடித்துப் பிடித்து இழுத்தது.

பக்கத்தில் வந்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அடிக்க ஓங்கின கைதான் அது, ஆனால் மேலே போன கை தன் வாயைத் துடைத்துக்கொண்டு கீழே வந்தது. அவளுக்கு முன்னால் போய் நிற்கவும் தைரியம் வராமல், பக்கத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தான். அவள் கன்னத்தில் கோடு கோடாக ஈரம். எப்போதிருந்து அழுகிறாள், முதல் அடியிலிருந்தேவா?

"எதுக்குக் கூப்ட்டீங்க?" என்று கேட்டாள். கடலைப் பார்த்துத்தான்.

"காணம்ல கண்ணு."

"கூப்புட்டா தோத்துட்டாங்கன்னு அர்த்தம்னு அம்மாகிட்டச் சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"அப்ப தோத்துட்டீங்களா?"

"ஆமா அம்மிணி. தோத்துட்டேன்."

அவள் நின்றாள். தோற்றவனை என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை போல. பாட்டிலை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"நான் குதிர மேல ஏறணும்னு சொன்னனா?"

"பாத்துட்டே நின்னியே?"

"அதுக்குக் கண்ண மறச்சிருக்காங்க. நான் தொட்டா, தொடறது யாருன்னு அதுக்குத் தெரியுமா தெரியாதான்னு பாத்தேன்."

இவ்வளவு பேசியிருக்கிறாள், நாலு மாசத்தில் பேசாத அளவு, ஒரே மூச்சில். எழுபதுக்கு முடித்தோமே, எதை முடித்தோம்? கேட்டிருக்கலாம். என்ன வேணும் என்று இரண்டு வார்த்தை, எந்தச் சந்தையிலும் முதலில் கேட்கிற கேள்வி, அதைக் கேட்காமலே விலை பேசியாகிவிட்டது. "தெரியாம பயந்துக்கும்ல?" என்று கேட்டாள் அவள். "பேசிட்டே தொட்டாத் தெரியும்" என்றான். வாய்க்கு வந்ததைச் சொன்னான். உண்மையாக இருக்குமோ என்னவோ, லாரியைத் தவிர வேறெதையும் தொட்டுப் பழகினவன் இல்லை.

"என்னன்னு பேசறது?"

"அதான் எனக்கும் தெரியல சாமி."

மேலிருந்து லோகித், ட்ட்ரோய் ட்ட்ரோய்னு பேசலாம் என்றான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா வேறெதுவுமா தெரியவில்லை. பிறகு குதிரை நின்ற பக்கமாகத் திரும்பி நடக்கத் தொடங்கினாள். கையைப் பிடிக்கவில்லை. அப்பா என்று சொல்லவில்லை. இவன் நாலைந்து அடி பின்னால் போனான். அப்போதுதான் பார்த்தான், அவள் போகப் போகத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு அடி, ஒரு பார்வை. மூணு அடி, ஒரு பார்வை. வருகிறானா என்றா, துரத்துகிறானா என்றா, இவன்தானா என்றா? ஒரு தடவை நின்றே பார்த்தாள், குனிந்து செருப்பைச் சரிபண்ணுகிற மாதிரி. அர்த்தநாரிக்குப் பஞ்சர் கடை கண்ணில் வந்து நின்றது, வெள்ளைச் சட்டை நின்றது, வாயைத் திறந்தான்.

"வர்றேன் அம்மிணி, போ. பின்னாலதான் வர்றேன்."

அவள் தலையசைத்துவிட்டு நடந்தாள். அவன் எண்ணத் தொடங்கினான், ஒன்று, இரண்டு, மூன்று, அவள் திரும்பினாள், மறுபடி முதலிலிருந்து, ஒன்று, இரண்டு, அவள் திரும்பினாள்.